சிவப்புக் குறி காட்டாத பிழை: தீபாவளி மலர்ப் பக்கங்களில் லிங்க் தேடிய அனுபவம்

எங்கள் தீபாவளி மலரின் கடைசி ஃபாரம் (ஒன்றாக அச்சாகும் பக்கத் தொகுதி) அச்சகத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னதாக, ஐயனார் கோயில் மண் குதிரைகளைப் பற்றிய கட்டுரையின் நடுவில் ஒரு தவில் வித்துவான் அமர்ந்திருந்தார். படத்தின் கீழே 'சூளையிலிருந்து இறக்கப்பட்ட குதிரைகள்' என்ற குறிப்பு அப்படியே இருந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பக்கத்தில் வைத்த படங்களைப் பட்டியலிடும் லிங்க்ஸ் பேனலில் ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. அச்சுக்கு அனுப்பும் முன் கோப்பைச் சோதிக்கும் பிரிஃப்ளைட் பச்சைப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தவர் எங்கள் மெய்ப்புத் திருத்துநரான அம்மையார். அதுவும் தாளில் அச்சிட்டெடுத்த பக்கத்தில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "சார், குதிரை எங்கே?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், நான்கு ஆண்டுகளாக நாங்கள் லிங்க் சிக்கல்களை, அதாவது பக்கத்துக்கும் அதில் வைத்த கோப்புகளுக்கும் உள்ள இணைப்பின் சிக்கல்களை, தவறான முனையிலிருந்தே அணுகிவந்தோம் என்பது எனக்குப் புலப்பட்டது. சிவப்புக் குறி வந்தால் பதறினோம். வராதபோது எல்லாம் சரி என்று நம்பினோம். சிறிய பதிப்பகம் ஒன்றில் பக்க வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருக்கும் நான், ஏறக்குறைய எல்லாத் தவறுகளையும் ஒரு முறையாவது செய்து பார்த்திருக்கிறேன். பலர் ஒரே கோப்புகளில் வேலை செய்யும் வேறு அலுவலகங்களுக்கும் பயன்படலாம் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. வடிவமைப்பாளர்கள் இருவர், ஒருவர் மேக்கிலும் நான் விண்டோஸிலும். உதவி ஆசிரியர்கள் இருவரும் மெய்ப்புத் திருத்துநரும், இன்டிசைனோடு இணைந்து இயங்கும் உரைத் திருத்த மென்பொருளான இன்காப்பியில் கட்டுரைகளைத் திறந்து திருத்துவார்கள். படங்கள், கட்டுரைகள், பக்கக் கோப்புகள் எல்லாம் அலுவலக மூலையில் இருக்கும் ஒரு சிறிய சேமிப்புப் பெட்டியில் இருக்கும். பெயர் என்னவோ நெட்வொர்க் ஸ்டோரேஜ்தான். எங்களுக்கு அது சர்வர்.

இன்டிசைனில் ஒரு படத்தை வைக்கும்போது, பெரும்பாலும் அந்தப் படம் பக்கக் கோப்புக்குள் போவதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியும், திரையில் காட்டுவதற்கான மங்கலான ஒரு முன்தோற்றமும் மட்டுமே உள்ளே பதிவாகின்றன. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் முகவரி இருக்குமே தவிர மண்டபம் இருக்காது. மண்டபத்தை மாற்றிவிட்டுப் பத்திரிகையை மாற்றாமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். முகவரியில் கோப்பு இல்லையென்றால் சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி வரும். கோப்பு இருக்கிறது, ஆனால் கடைசியாகப் பார்த்ததற்குப் பின் மாறியிருக்கிறது என்றால் மஞ்சள் முக்கோணத்தில் வியப்புக்குறி வரும். முகவரியில் அதே பெயருடைய ஒரு கோப்பு இருக்கிறது, ஆனால் அது வேறு படம் என்பதற்குக் குறி எதுவும் கிடையாது. மஞ்சள் வந்தாலும், 'புதுப்பி' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அதுவும் மறைந்துவிடும். தவில் வித்துவான் குதிரையின் இடத்துக்கு வந்தது இப்படி ஒரே பெயரைச் சுமந்துகொண்டுதான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சத்தமாக வெளிப்பட்ட சிக்கல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்க நாள்களில், மேக்கில் வைத்த படங்கள் அடிக்கடி என் கணினியில் காணாமற்போயின. என் கணினியில் சர்வர் ஓர் எழுத்துப் பெயருள்ள டிரைவாகத் தெரியும். மேக்கில் 'வால்யூம்ஸ்' என்ற இடத்துக்குக் கீழே பகிர்வின் பெயரோடு தெரியும். இந்த வேறுபாட்டை மென்பொருள் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் இணைப்பு ஒரு முறை அறுந்து, பழைய இணைப்பு சரியாக விடுபடாமல் இருக்கும்போது மீண்டும் இணைத்தால், மேக் அந்தப் பகிர்வின் பெயருக்குப் பின்னால் '-1' என்று சேர்த்துக்கொள்ளும். மின்வெட்டுக்குப் பின் ஜெனரேட்டர் போட்ட நாள்களில் எங்களுக்கு இது வழக்கமாகவே நடந்தது. வடிவமைப்பாளரின் கண்ணுக்கு அதே சர்வர், அதே கோப்புறை; ஆனால் அன்று மாலை வரை வைத்த படங்களின் முகவரியில் மட்டும் '-1' ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் கணினியை அணைத்துப் போட்டதும் அந்த முகவரி உலகத்திலேயே இல்லாமல் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. காரணம், நாங்கள் முகவரியைப் படிக்கவே இல்லை. சிவப்புக் குறியைக் கண்டதும் 'ரீலிங்க்' பொத்தானை அழுத்தி, படத்தைத் தேடிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். காணாமற்போன படத்தை லிங்க்ஸ் பேனலில் தேர்ந்தெடுத்தால் கீழ்ப்பகுதியில் அதன் முழுப் பாதை தெரியும்; ரீலிங்க் செய்யும் முன் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் முதல் நாளே விடை கிடைத்திருக்கும். இன்றும் யாராவது "லிங்க் போய்விட்டது" என்று அழைத்தால், நான் முதலில் கேட்பது அந்த வரியைத்தான். பாதையில் 'டெஸ்க்டாப்' என்றோ 'டவுன்லோட்ஸ்' என்றோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. வாட்ஸப்பில் வந்த படத்தை யாரோ இறக்கிய இடத்திலிருந்தே இழுத்துப் போட்டிருக்கிறார் என்று பொருள்.

அடுத்தது தமிழ் எழுதும் நமக்கே உரிய சிக்கல். 2019 மலரின்போது, வெளியிலிருந்து ஒருவர் தம் பழைய மேக்கில் இருந்த படங்களை ஜிப் கோப்பாகச் சுருக்கி அனுப்பினார். கோப்புப் பெயர்கள் அழகான தமிழில் இருந்தன. அவர் வடிவமைத்த பக்கங்களும் கூடவே வந்தன. அனைத்தையும் விண்டோஸில் விரித்து, நாங்கள் ஏற்கெனவே சர்வரில் வைத்திருந்த அதே பெயருள்ள படங்களுடன் சேர்த்தோம். சில படங்கள் ஒழுங்காக ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தன. சிலவற்றில் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நின்றன. விண்டோஸில் அது நடக்கவே முடியாத காரியம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். பக்கங்களைத் திறந்தால் சில படங்களுக்கு மட்டும் சிவப்புக் குறி. கோப்புறையில் கண்ணெதிரே கோப்பு இருக்கிறது, மென்பொருள் இல்லை என்கிறது.

விட்டுப்போன படங்களின் பட்டியலை எழுதி மேசையில் வைத்திருந்தேன். அதை வாங்கிப் பார்த்த மெய்ப்புத் திருத்துநர் அரை நிமிடத்தில் சொன்னார்: "சார், கொ, கோ, பொ, தோ இருக்கிற பெயர் மட்டும்தான் போகுது." கோபுரம், பொங்கல், தோரணம், கொலு எல்லாம் போயிருந்தன. விளக்கு, மயில், பட்டாசு எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆயுள் முழுக்க ஒற்றெழுத்தையும் கொம்பையும் பார்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும்.

காரணம், கணினியில் எழுத்துகளைப் பதிவதற்கான தரமாகிய யூனிகோடில் இருக்கிறது. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 'ோ' என்ற ஒரே குறியாக எழுதலாம், அல்லது இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரம் சொல்கிறது; திரையிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகரமும் ஔகாரமும் அப்படியே. விண்டோஸில் வழக்கமான தமிழ் விசைப்பலகையில் தட்டினால் ஒற்றைக் குறி பதிவாகும். மேக்கில் 1998 முதல் பயன்பட்டுவந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற வட்டமைப்பு (வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் முறை), கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. 2017இல் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஆனால் பழைய வட்டுகள் இன்னும் பல மேசைகளில் உயிரோடிருக்கின்றன. மேக்குக்குள் இருக்கும்வரை இதனால் தொல்லை இல்லை. பெயரைப் பிரித்த வடிவத்திலேயே சுமந்துகொண்டு ஜிப் கோப்பு விண்டோஸுக்கு வரும்போது, விண்டோஸ் இரண்டையும் இரண்டு வெவ்வேறு பெயர்களாகக் கருதுகிறது. இன்டிசைன் தேடுவது ஒரு 'கோபுரம்'; கோப்புறையில் இருப்பது இன்னொரு 'கோபுரம்'.

சந்தேகம் வந்தால் உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. கோப்புப் பெயரை நகலெடுத்து எக்செல் கட்டத்தில் ஒட்டி, நீளத்தைச் சொல்லும் 'லென்' சூத்திரத்தைப் போட்டால் போதும். 'கோபுரம்' என்பது ஒற்றைக் குறியோடு இருந்தால் 7 என்று வரும். பிரிந்திருந்தால் 8 வரும். அன்று இரவு ஒன்பது மணிக்கு அந்த 8ஐப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

அதே காலத்தில் தமிழ்ப் பெயர்களின் இன்னொரு எல்லையையும் முட்டிப் பார்த்தோம். எங்கள் சர்வரில் ஓடுவது லினக்ஸ். அதன் வழக்கமான வட்டமைப்பில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் செலவாகும். ஆகவே மெய்யின் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியே எண்ணினால் 85 குறிகளோடு கதை முடிந்துவிடும். படத்தின் முழுக் குறிப்பையும் கோப்புப் பெயராக வைக்கும் நல்ல பழக்கம் எங்கள் உதவி ஆசிரியர் ஒருவருக்கு இருந்தது. அத்தகைய கோப்பைச் சர்வருக்கு நகலெடுக்கும்போது பிழைச் செய்தி வரும். அவசரத்தில் அவர் அதைத் தள்ளிவிட்டு, படத்தைத் தம் கணினியிலேயே விட்டுவிடுவார். பிறகு அங்கிருந்தே பக்கத்துக்குப் போகும்.

அந்த மலரோடு, இணைக்கப்படும் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதை நிறுத்தினோம். ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இடையில் ஒரு சிறு கோடு, வேறெதுவும் கூடாது. தமிழ்ப் புத்தகம் போடும் இடத்தில் இப்படி ஒரு விதியை எழுதி ஒட்டும்போது மனம் ஒப்பவில்லை என்பது உண்மைதான். தமிழ்ப் பெயரை வைக்க வேண்டிய இடம் படத்தின் உள்ளே இருக்கும் விவரக் குறிப்பு. அதில் எவ்வளவு நீளமாகவும் எழுதலாம், அதனால் எந்த இணைப்பும் அறாது.

இனி சத்தமில்லாத வகைகள். 2020 மார்ச்சுக்குப் பின் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்ய நேர்ந்தபோது, சர்வரில் இருந்த மலர்க் கோப்புறையை அப்படியே ஓர் இணையச் சேமிப்புக்கு மாற்றினோம். ஒவ்வொருவர் கணினியிலும் அதன் பிரதி தானாகவே ஒத்திசைந்துகொள்ளும் என்பதால், அலுவலகச் சர்வரின் இடத்தை அது நிரப்பிவிடும் என்று நினைத்தோம். படங்களுக்கு ஓரளவு சரிவந்தது. கட்டுரைகளுக்குச் சரிவரவில்லை.

இன்காப்பி முறையில் ஒவ்வொரு கட்டுரையும் ஐசிஎம்எல் என்ற தனிக் கோப்பாக இருக்கும். பக்கக் கோப்பு அதைப் படத்தைப் போலவே லிங்க் செய்துகொள்ளும். ஒருவர் கட்டுரையைத் திருத்துவதற்காகச் செக் அவுட் செய்யும்போது (தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்போது), அதே கோப்புறையில் ஐடிஎல்கே என்று முடியும் ஒரு சிறிய பூட்டுக் கோப்பு உருவாகும். மற்றவர்கள் கணினி அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் 'இது இன்னார் கையில் இருக்கிறது' என்று அறிந்துகொள்கிறது. ஒரே சர்வரில் இருக்கும்போது பூட்டு அந்தக் கணமே எல்லோருக்கும் தெரியும். இணையச் சேமிப்பில் அந்தப் பூட்டுக் கோப்பு மேலேறி, பின் அடுத்தவர் கணினியில் இறங்க வேண்டும். அந்த அரை நிமிட இடைவெளியில் சென்னையிலும் மதுரையிலும் இருந்த இருவர் ஒரே கட்டுரையைத் திறந்துவிட்டார்கள்.

இருவரும் திருத்தினார்கள், இருவரும் செக் இன் செய்து திருப்பிச் சேர்த்தார்கள். முரண்பட்ட இரண்டு பிரதிகளைக் கண்ட சேமிப்பு மென்பொருள், எதையும் இழக்காமல் இருப்பதற்காக ஒன்றை வேறு பெயரில் ஒதுக்கி வைத்தது. அது தன் கடமையைத்தான் செய்தது. ஆனால் பக்கக் கோப்புக்குத் தெரிந்த முகவரி பழைய பெயர் மட்டுமே. ஆகவே மதுரை உதவி ஆசிரியர் ஒரு பகல் முழுவதும் செய்த திருத்தங்கள் பக்கத்துக்கு வரவே இல்லை. எந்தக் குறியும் தோன்றவில்லை. அவர் இரண்டு வாரம் கழித்து மெய்ப்பைப் பார்த்துவிட்டு, தம் திருத்தங்களை நாங்கள் ஏற்கவில்லை என்று வருத்தப்பட்டுத் தொலைபேசியில் பேசிய பிறகுதான், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அந்தப் பிரதி எங்களுக்குத் தெரிந்தது. மென்பொருளைவிட மனிதர்களைச் சமாதானப்படுத்துவதற்கு அதிக நேரம் ஆனது.

இதில் இன்னொரு சிறுபிழையும் கலந்திருந்தது. இன்காப்பியில் ஒவ்வொருவரும் தம் பயனர் பெயரைக் கொடுக்க வேண்டும். கணினிகளை அமைத்துக் கொடுத்தவர் எல்லாவற்றிலும் 'அட்மின்' என்றே போட்டுவைத்திருந்தார். பூட்டு யார் கையில் என்று பார்த்தால் எப்போதும் அட்மின் கையில்தான் இருக்கும். தம்முடையது என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இன்று ஒவ்வொரு கணினியிலும் அமர்பவரின் பெயரும், அலுவலகமா வீடா என்பதும் பயனர் பெயரிலேயே இருக்கின்றன. கணினி நடுவில் நின்றுபோய்ப் பூட்டுக் கோப்பு மட்டும் அனாதையாகக் கிடக்கும்போதும் இது உதவுகிறது. அந்தப் பூட்டை அழிப்பதற்கு முன் அதற்குரியவரை அழைத்து, திருத்தம் ஏதேனும் சேமிக்கப்படாமல் அவர் கணினியில் இருக்கிறதா என்று கேட்கிறோம். கேட்காமல் அழித்தால் அவர் வேலை வெளியே நிற்கும்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு அதன் பிறகு இரண்டு வழிகளை மட்டுமே வைத்துக்கொண்டோம். இணைய வேகம் நன்றாக இருந்தால், அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்தே இயக்கிச் சர்வரிலேயே வேலை செய்வது. இல்லாவிட்டால், கட்டுரைகளை ஒன்றாகக் கட்டிய இன்காப்பிக்கான அசைன்மென்ட் பொட்டலத்தை மின்னஞ்சலில் அனுப்புவது. பொட்டலம் வெளியே இருக்கும்வரை அந்தக் கட்டுரைகள் அலுவலகத்தில் பூட்டியே இருக்கும், திரும்பி வந்து பிரித்ததும் பூட்டு விடும். சற்றுப் பழைய பாணிதான். தபாலில் மெய்ப்பு அனுப்பிய காலத்தை நினைவூட்டுகிறது என்று அம்மையார் சொன்னார்.

நான் தனிப்பட்ட முறையில் அதிகம் வெட்கப்படும் பிழை 'சேவ் ஆஸ்' செய்ததால் வந்தது. சென்ற ஆண்டு மலரின் பக்க அமைப்பு நன்றாக இருந்ததால், அதே கோப்பைப் புதிய பெயரில் சேமித்து இந்த ஆண்டு மலரைத் தொடங்கினேன். ஆசிரியர் உரை, வாழ்த்துச் செய்தி, ராசிபலன் பகுதி ஆகியவற்றைப் புதிதாக எழுதச் சொல்லி இன்காப்பியில் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்து மாதம் கழித்து, சென்ற ஆண்டு மலரின் ஒரு பகுதியைத் தனி நூலாகப் போடுவதற்காகப் பழைய கோப்பைத் திறந்தேன். மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக நின்றன. வழக்கம்போல் 'எல்லாவற்றையும் புதுப்பி' என்று அழுத்தினேன். சென்ற ஆண்டு மலரில் இந்த ஆண்டு ராசிபலன் வந்து உட்கார்ந்தது.

பக்கக் கோப்பை நகலெடுத்தால் அதனோடு இணைந்த கட்டுரைகள் நகலாவதில்லை என்பது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. படங்களைப் பொறுத்தவரை அது எனக்கு இரண்டாம் இயல்பாகவே இருந்தது. கட்டுரையும் லிங்க்தான் என்பதைத்தான் கை மறந்திருந்தது. இரண்டு மலர்களும் ஒரே ஐசிஎம்எல் கோப்புகளைச் சுட்டிக்கொண்டிருந்தன. பழைய உரையை அச்சுக்குப் போன பிடிஎஃப்பிலிருந்து மீட்டெடுத்தோம். இப்போது ஓர் இதழ் அச்சானதும், அதன் கட்டுரை லிங்குகள் அனைத்தையும் லிங்க்ஸ் பேனலில் தேர்ந்தெடுத்து 'அன்லிங்க்' செய்கிறோம்; உரை பக்கக் கோப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. புதிய இதழுக்கு அதன் நகலை எடுத்து, புதிய கோப்புறையில் கட்டுரைகளைப் புதிதாக ஏற்றுமதி செய்கிறோம். மஞ்சள் குறியைக் கண்டதும் மொத்தமாகப் புதுப்பிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். எது மாறியது, யார் மாற்றினார்கள் என்று தெரியாமல் மஞ்சளை அழுத்துவது, சிவப்பை அலட்சியம் செய்வதைவிட ஆபத்தானது.

வேர்ட் கோப்புகளை இணைப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: உரைக் கோப்புகளை வைக்கும்போது லிங்க் உருவாக்கும் விருப்பத்தை அணைத்தே வைத்திருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்து, எழுத்தாளர் தம் மூலக் கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றி, நீங்களும் புதுப்பித்துவிட்டால், பக்கத்தில் செய்த திருத்தமெல்லாம் போய் மூல உரை மீண்டும் வந்து கொட்டும்.

இனி தவில் வித்துவான். 2021 மலர் வேலையின் நடுவில் பழைய சர்வரின் வட்டு பழுதாகத் தொடங்கியது. புதியது வாங்கி, கோப்புகளை அவசரமாக மாற்றினோம். புதிய சர்வரில் பகிர்வின் பெயர் வேறு என்பதால், திறந்த பக்கங்களிலெல்லாம் சிவப்புக் குறி நிறைந்தது. ஒவ்வொன்றாகத் தேட நேரமில்லை. இன்டிசைனில் 'ரீலிங்க் டு ஃபோல்டர்' என்ற வசதி உண்டு. ஒரு கோப்புறையைக் காட்டினால், காணாமற்போன படங்களை அங்கே பெயர் பார்த்துப் பொருத்திக்கொள்ளும். அதற்கு வசதியாக, கட்டுரை வாரியாகப் பிரிந்திருந்த எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறையில் கொட்டலாம் என்று நான்தான் சொன்னேன்.

படங்களை எடுத்தவர்கள் இருவர். இருவர் கையிலும் ஒரே நிறுவனத்தின் கேமரா. கேமரா படங்களுக்கு வைக்கும் பெயர் சில எழுத்துகளும் நான்கு இலக்க எண்ணும்தான். 9999ஐத் தொட்டதும் மீண்டும் 0001இலிருந்து தொடங்கும். குதிரை 0412, தவில் 0412. ஒரே கோப்புறையில் கொட்டும்போது, இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மேலெழுதவா என்று விண்டோஸ் கேட்டது. ஒரே படம் இரண்டு இடத்தில் இருக்கிறது போலும் என்று நினைத்து உடன் பணிபுரிபவர் ஆம் என்றார். நான் அந்த இடத்தில் அமர்ந்திருந்தாலும் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெயர் பொருந்தியது, லிங்க் பொருந்தியது, சிவப்பு மறைந்தது. இரண்டும் ஒரே அளவுப் படங்கள் என்பதால், குதிரைக்கு வரைந்த கட்டத்தில் தவில் கச்சிதமாக உட்கார்ந்தது. வழக்கமாக இத்தகைய மாற்றங்களை 'எஃபெக்டிவ் பிபிஐ' என்ற எண் (பக்கத்தில் உள்ள அளவில் படத்தின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) காட்டிக்கொடுக்கும். 300க்கு மேல் இருந்த படம் திடீரென்று 96 என்று காட்டினால், மூலத்துக்குப் பதிலாக வாட்ஸப் பிரதி வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அன்று அந்த எண்ணும் மாறவில்லை. பக்கங்களை வேகமாகப் புரட்டிய என் கண்ணும் படம் இருக்கிறதா என்றுதான் பார்த்தது. என்ன படம் என்று பார்க்கவில்லை. நல்லவேளையாகப் புகைப்படக் கலைஞர் தம் நினைவக அட்டையை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார். குதிரைகள் அன்று இரவே திரும்பி வந்தன. அதே காரணத்தால் மேலும் நான்கு படங்கள் இடம் மாறியிருந்ததை அம்மையாரும் நானும் விடிவதற்குள் கண்டுபிடித்தோம்.

அதன் பிறகு, கேமரா வைத்த பெயரோடு எந்தப் படமும் பக்கத்துக்குள் நுழைவதில்லை. படம் வந்ததும் முதல் வேலை, பிரிட்ஜ் மென்பொருளில் மொத்தமாகப் பெயர் மாற்றுவது: ஆண்டு, கட்டுரை எண், வரிசை எண். மலரில் பதினான்காவது கட்டுரையின் மூன்றாவது படம் என்றால் பெயரே அதைச் சொல்லும். இதை வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வைத்த பின் மாற்றினால் நாமே சிவப்புக் குறிகளை வரவழைத்துக்கொள்வோம். எல்லாப் படங்களையும் ஒரே இடத்தில் கொட்ட நேர்ந்தாலும், இரண்டு படங்கள் ஒரே பெயரில் மோதுவதற்கு இனி வழியில்லை.

பெயர் ஒழுங்கான பிறகு இன்னொரு வசதியும் பயன்பாட்டுக்கு வந்தது. இன்டிசைனில் 'லைவ் கேப்ஷன்' என்று ஒன்று உண்டு. படத்தின் கோப்புப் பெயரை அதன் கீழே தானாகவே எழுதிக் காட்டும், லிங்க் மாறினால் எழுத்தும் மாறும். அதை ஒரு தனி லேயரில், அதாவது வேண்டும்போது காட்டி வேண்டாதபோது மறைக்கக்கூடிய அடுக்கில், சிவப்பு எழுத்தில் வைத்திருக்கிறோம். மெய்ப்புக்கு அச்சிடும்போது அந்த லேயர் தெரியும். அச்சகத்துக்குப் போகும்போது அதை அணைத்துவிடுவோம். பதினான்காவது கட்டுரையின் பக்கத்தில் ஒன்பதாவது கட்டுரையின் படம் வந்தால், உரையைத் திருத்துபவர் கண்ணிலேயே எண் இடறும். திரையில் நான் காணத் தவறியதைத் தாளில் அவர்கள் காண்பதற்கு இதைவிட மலிவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. முதல் ஆண்டு அந்த லேயரை அணைக்க மறந்து ஒரு ஃபாரத்தை பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டோம். பிளேட் போடுவதற்கு முன் அச்சகத்திலிருந்தே அழைத்துக் கேட்டார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. மலர் முடிந்ததும், பக்கங்களையும் அவற்றின் படங்களையும் ஒன்றாகத் திரட்டும் பேக்கேஜ் வேலையைச் செய்வதற்கு முன், இந்த வேலையில் அதுவரை பயன்படாத ஒரு கணினியில் பக்கங்களைச் சர்வரிலிருந்து திறக்கிறோம். என் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிவது எதையும் உறுதிசெய்யாது. என் கணினிக்கு என் டெஸ்க்டாப்பும் என் பென் டிரைவும் எட்டும். யாருடைய படமும் எட்டாத கணினிக்கு எது தெரிகிறதோ அதுதான் உண்மையில் சர்வரில் இருக்கிறது. கணக்குப் பிரிவில் ரசீது போடும் கணினியை இதற்காக அரை மணி நேரம் இரவல் வாங்கி, இன்டிசைனை மட்டும் அதில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

சென்ற மலருக்கு அந்தக் கணினியில் திறந்தபோது மொத்தப் பக்கங்களிலும் ஒரே ஒரு சிவப்புக் குறி வந்தது. பாதையைப் படித்தேன். பின்னட்டையின் உட்புறத்துக்குக் கடைசி நேரத்தில் வந்த நகைக்கடை விளம்பரம். இருந்த இடம் ஒரு பென் டிரைவ். டெஸ்க்டாப்பிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் யாரும் படத்தை இழுத்துப் போடக் கூடாது என்ற விதியை எழுதி, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டியவன் நான். அந்தப் பென் டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது.